தன்னாமுனையில் ஒரு தாகசாந்திப் பந்தல்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், சத்துருக்கொண்டானைக் கடந்ததும் தன்னாமுனையை அடைவர். ஒரு புறம் வாவி. அதில் தோணிகளும் வீச்சுவலைகளும். கரையில் தென்னஞ்சோலை, ஊரின் நடுவே புனித சூசையப்பர் ஆலயம். கத்தோலிக்க மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் சிற்றூர் இது. இவ்வூரின் வீதியோரத்தில், கிடுகு வேய்ந்த ஒரு பந்தலின் கீழ், கச்சான் காற்று அனலாய் வீசும் காலத்தில், நாம் மூன்று நாட்கள் தொண்டு செய்ய நேர்ந்தது.

கதிர்காமப் பாதயாத்திரையைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில் எனக் கடந்து, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடந்து கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேர்வார்கள். 1980களில் போரினால் தளர்ந்த இந்நடை 1988இல் புத்துயிர் பெற்றது. நடப்பவர்களை நாம் புகழ்கிறோம். அவர்களை நடக்க வைக்கும் பந்தல்களை மறந்து விடுகிறோம்.

பந்தலில் எமது வேலை எளியது. விடியுமுன் தேசிக்காய்த் தண்ணீர் கரைப்பது, மோர் கலக்குவது, இளஞ்சூட்டில் உப்புநீர் ஆயத்தஞ்செய்து கால்களைக் கழுவக் கொடுப்பது. எம்முடன் நின்றவர்களுள் ஒருவர் இளைப்பாறிய தாதி. மற்றொருவர் வாவியில் வலை வீசும் இளைஞர், சூசையப்பர் ஆலயத்துப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். "ஏறாவூர்க் கடைத்தெருவிலே முஸ்லிம் அன்பர்கள் இளநீர் தந்தார்கள், இங்கே வேதக்காரர் மோர் தருகிறீர்கள். முருகனுக்கு இனி என்ன குறை?" என்று முதியவரொருவர் சொல்லிச் சிரித்தார். 1990ஆம் ஆண்டில் இவ்வீதியின் இரு மருங்கும் எவ்வளவு குருதியைக் கண்டன என்பதை அறிந்தவர்களுக்கு, அச்சிரிப்பின் அருமை விளங்கும்.

பனி உறையும் அலாஸ்காவிலும் இத்தகைய தொண்டர்கள் உண்டு. 1973 முதல் அங்கே நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயமொன்று, ஏறக்குறைய 1,000 மைல் தூரம் நடைபெறுகிறது. வழித்தங்கல்கள் தோறும் தொண்டர்கள் காத்திருக்கிறார்கள். மிருக வைத்தியர்கள் நாய்களின் பாதங்களையும் நாடியையும் சோதிக்கிறார்கள். தளர்ந்த நாய் அங்கேயே நிறுத்தப்பட்டுப் பராமரிக்கப்படும். நாய் மறுத்துப் பேசாது. இங்கோ நடப்பவர் வாய் திறந்து, "நான் போவேன்" என்கிறார். அவரைத் தடுக்கும் அதிகாரம் எவருக்கு உண்டு?

இரண்டாம் நாள் நண்பகலில் இக்கேள்வி எம் முன்னே வந்தமர்ந்தது. முல்லைத்தீவு ஆச்சி ஒருவர், எழுபது வயதிருக்கும். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, கணுக்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. தாதியார் கழுவிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கால்" என்றார்.

"வாகனத்தில் ஏறமாட்டேன், பிள்ளை. 2009இலே போன மகன் இன்னும் வரவில்லை. ஓரடியும் விடாமல் நடந்து வருகிறேனென்று நேர்ந்திருக்கிறேன்."

அனைவரும் வாய் மூடி நின்றோம். வற்புறுத்தினால் நேர்த்தி முறியும். விட்டுவிட்டாலோ காலே போய்விடக்கூடும். அப்பொழுது தோணிக்கார இளைஞர், தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஆச்சியின் பாதத்தருகே வைத்தார்.

"ஆச்சி, நீங்கள் நடந்து வந்த இடம் இது. என்னுடைய ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகமானதும் இந்தக் கல்லடிக்கே கொண்டு வந்து விடுகிறேன். இங்கேயிருந்து நடவுங்கள். ஓரடியும் குறையாது."

ஆச்சி கல்லை நெடுநேரம் நோக்கினார். "கல்லை ஒருவரும் எடுக்கமாட்டீர்களே?" என்று கேட்டார்.

நாம் ஊர் திரும்பிய பின்னும் அக்கல் அங்கேயே இருந்ததாம். ஐந்தாம் நாள் ஆச்சி வந்து, அதன் மேல் பாதத்தை வைத்து, பிந்தி வந்த ஒரு கூட்டத்தாருடன் மெல்ல நடந்து போனாராம். திருவிழா முடிந்து பஸ்ஸில் திரும்பிய அடியாரொருவர், தன்னாமுனையில் இறங்கி, தோணிக்காரரிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். உள்ளே கதிர்காமத்துத் திருநீறு. மகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. "ஆச்சி வந்து சேர்ந்தார்" என்ற செய்தி மட்டும் இருந்தது.

அப்பொட்டலம் இப்பொழுது அவர் வீட்டில், சூசையப்பர் படத்தின் கீழே இருக்கிறது. அடுத்த ஆண்டு பந்தலுக்கு இன்னும் இரண்டு மோர்ப் பானைகள் வேண்டுமென்று எமக்கு எழுதியிருக்கிறார்.