பண்ணவாடிக்குச் சென்ற ஒற்றையாள் பரிசல்

கோலார் தங்கவயலில் வாழும் நம்மவர்க்கும் காவிரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருண்டு. தொடர்பு பெரிது. சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியே ஓடி வந்து சேர்ந்தது நம் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர் நகரத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905-இல். குடிநீரோ பேத்தமங்கலத்து ஏரி தந்தது. அது பாலாற்று நீர். ஆகவே, மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பாறை உடைத்த நம் முன்னோர், ஓர் ஆற்றின் ஒளியில் உழைத்து மற்றோர் ஆற்றின் நீரைப் பருகியவர் ஆவர். ஆயினும் நம்மில் படகேறி அறியாதவரே பலர்.

இந்நிலையில் மாரிக்குப்பத்தில் ஒரு பெரியவர், தம் வீட்டு முற்றத்தில் பரிசல் ஒன்று கட்டத் தொடங்கினார் என்ற செய்தி சங்கத்துக்கு எட்டியபோது நாங்கள் வியப்புற்றோம். சிலர் நகைக்கவும் செய்தனர். அவர் முப்பது ஆண்டுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தோருள் ஒருவர். எழுபதைக் கடந்த வயதில் இஃதென்ன விளையாட்டு என்று கேட்கச் சென்ற நாங்கள் நால்வரும், கேட்டு முடிந்தபின் அவருக்கு மூங்கில் பிளந்து கொடுக்க அமர்ந்துவிட்டோம்.

அவருடைய தந்தையார் காவிரிக்கரையில், பண்ணவாடியை அடுத்த சிற்றூரில் பரிசல் ஓட்டியவர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் அவ்வூர் மறைந்தது. ஊர் மறைந்தபின் பிழைப்புத் தேடித் தங்கவயலுக்கு வந்தார். சேலம், தருமபுரி, வடாற்காட்டுப் பக்கங்களிலிருந்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பஞ்சம் ஒரு காரணம் என்றால், இவருக்கு வெள்ளம் காரணம். “நம் ஊர் எங்கே அப்பா?” என்று பிள்ளைகள் கேட்டால், “கீழே இருக்கிறது” என்பாராம். சுரங்கத்தில் இறங்குவோரையும் ‘கீழே போயிருக்கிறார்’ என்றே வீட்டில் சொல்வது வழக்கம். ஆகவே தம் ஊர் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது என்று சிறு வயதில் நம்பியிருந்ததாகப் பெரியவர் எங்களிடம் கூறினார். அவ்வூருக்கு மேலே ஒருமுறை, தாமே கட்டிய பரிசலில், தனியே சென்று வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

தந்தையார் பரிசல் கட்டியதை இளமையில் ஒரே ஒருமுறை கண்டிருந்தார். மறந்ததைக் கேட்டுத் தெளிய எங்களையும் கூட்டிக்கொண்டு முதலில் ஒகேனக்கல் சென்றார். கன்னட நாட்டில் வாழும் நமக்கு அவ்வூர்ப் பெயரின் பொருளைச் சொல்லவேண்டியதில்லை. நம் ‘புகை’ அவர்க்கு ‘ஹொகெ’. பள்ளி ஹள்ளியானது போலத்தான். புகையும் கல் என்பது அருவித் திவலையைக் கண்டோர் வைத்த பெயர். அங்கே ஓடும் பரிசல்கள் ஏழு அடிக்குச் சற்று மிகுந்த குறுக்களவு உடையன. பழகிய கைகள் ஒரு நாளில் ஒன்றை முடித்துவிடும். பாறை குறுக்கிடும் இடத்தில் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கி, அப்பாலுள்ள நீரில் இடுகின்றனர். தூரத்திலிருந்து பார்த்தால் பெருங்குடை ஒன்று கால் முளைத்து நடப்பதுபோல் இருக்கும். ஆற்றில் நீர்வரத்து மிகுந்தால் மாவட்ட ஆட்சியர் பரிசல் ஓட்டத்தைத் தடை செய்துவிடுவார். நாங்கள் சென்றது கோடை, ஆகவே தடையில்லை.

திரும்பி வந்ததும் வேலை தொடங்கியது. ஒருவர் மட்டும் செல்வதற்கு ஐந்தடிக் குறுக்களவு போதும் என்று பெரியவர் முடிவு செய்தார். மூங்கில் இளசாகவும் இருத்தலாகாது, காய்ந்து வெடித்ததாகவும் இருத்தலாகாது. கூடை முடையும் மேதரர் ஒருவர் நல்ல மூங்கிலைத் தேர்ந்து கொடுத்தார். அக்காலத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் மூங்கில் தட்டிகளால் ஆனவை என்பதை வயதில் மூத்தோர் அறிவர். தட்டி வீட்டில் பிறந்தவர்க்கு மூங்கில் பிளாச்சு கைக்கு அடங்காமற் போகுமா? எங்கள் விரல்கள்தாம் கிழிந்தன.

தரையில் வட்டம் வரைந்து, அதன்மேல் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகவும் மூலைவாட்டாகவும் பரப்பிப் பின்னவேண்டும். நடுப்பகுதி பின்னி முடிந்ததும் அங்கே கனத்த கற்களை ஏற்றிவைப்பர். அடி தட்டையாக அமைவது அந்தப் பாரத்தால்தான். பின்னர் நீட்டி நிற்கும் நுனிகளை மெல்ல மேல்நோக்கி வளைத்து, சுற்றிலும் பிளாச்சு கொடுத்து இறுக்கி, விளிம்பில் பல பிளாச்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் கூடு ஆயிற்று. வளைக்கும்போது அவசரம் கூடாது. நனைத்து நனைத்து வளைக்கவேண்டும். ஒகேனக்கல்லில் ஒரு நாள் வேலை, எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

முற்காலத்தில் இக்கூட்டின்மேல் மாட்டுத் தோலைப் போர்த்துவர். 1520-ஐ ஒட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியராகிய டோமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்த கூடைப் படகுகளில் பதினைந்து, இருபது பேர் கடந்து சென்றதையும், அவை நேரே செல்லாமல் சுழன்றுகொண்டே சென்றதையும் எழுதிவைத்திருக்கிறார். ஈராக் நாட்டு டைகிரிஸ் ஆற்றில் ஓடிய ‘குஃபா’ என்னும் வட்டப் படகுக்கு நிலத்தில் ஊறும் கீலைப் பூசுவர். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டிலும் இத்தகைய சிறு படகை முதுகில் சுமந்து செல்லும் மீனவர் இருந்தனர். ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்தனரோ, ஆறும் கூடையும் உள்ள இடமெல்லாம் இவ்வெண்ணம் தானே பிறந்ததோ, அறிஞர் ஆராயட்டும். நாங்கள் பயன்படுத்தியது யூரியாச் சாக்கு. பிரித்துத் தைத்து இரண்டு மடிப்பாகப் போர்த்தி, அதன்மேல் தார் உருக்கிப் பூசினோம். தார் கொதிக்கும்போதே பூசினால் சாக்கு சுருண்டுவிடும். சற்று ஆறவிட்டே பூசவேண்டும். அத்தெருவினர் இரண்டு நாள் அந்த மணத்தைப் பொறுத்துக்கொண்டமைக்கு நன்றி கூறுகிறோம்.

உடன் எடுத்துச் சென்ற பொருள்கள் சிலவே: துடுப்பு ஒன்று, உயிர்காப்புச் சட்டை, காற்றடைத்த வண்டி டியூப், ஒரு குடுவை நீர், புளிச்சோற்றுப் பொட்டலம். உள்ளே புகும் நீரை இறைக்கத் தம் பழைய சுரங்கத் தொப்பியையே எடுத்துக்கொண்டார். இவற்றோடு, அடிக்கு ஒரு முடிச்சு இட்ட நீண்ட கயிறும், நுனியில் கட்டிய கல்லும் இருந்தன. அவை எதற்கு என்று நாங்கள் கேட்டதற்கு அப்போது விடை கிடைக்கவில்லை.

பரிசலை வேனின் கூரைமேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக நாகமரையை அடைந்தோம். எல்லைச் சோதனைச் சாவடியில் நின்ற காவலர், இதற்கு வரி உண்டா என்று தமக்குள் சிறிது நேரம் ஆலோசித்துவிட்டுச் சிரித்து அனுப்பினார். நாகமரைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடி. இரண்டுக்கும் இடையே படகுப் போக்குவரத்து உண்டு. அணையில் நீர் நிரம்பினால் மட்டம் 120 அடி. நன்றாக நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய சலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளியே தெரியும். மூழ்கிய மாதா கோயிலின் கோபுரமும் தெரியும். நாங்கள் சென்றபோது நந்தி கழுத்துவரை எழுந்திருந்தது.

மாலையில் காற்று எழும் என்று அவ்வூர் மீனவர் எச்சரித்தமையால் விடியற்காலையிலேயே புறப்பட்டார். பாதுகாப்புக்காக மீனவ இளைஞர் ஒருவர் தம் பரிசலில் சற்றுத் தள்ளியே தொடர்ந்தார். “தாத்தா, பக்கவாட்டில் வலிக்காதீங்க, சுத்தும், முன்னாலே போட்டு உங்க பக்கம் இழுங்க” என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே சென்றார். முதலில் இரண்டு மூன்று முறை பரிசல் சுழன்றது. பின்னர், பயஸ் கண்டதற்கு மாறாக, நேராகவே சென்றது.

நாங்கள் கூலிப் படகொன்றில் பின்னே சென்றோம். நந்தியை அடைந்ததும் அதன் முகத்துக்கு நேரே பரிசலை நிறுத்தி, இடக்கைப் பக்கம் திரும்பி, துடுப்பு வீச்சுகளை எண்ணிக்கொண்டு நகர்ந்தார். தந்தையார் சொல்லிவைத்த அடையாளம் போலும். ஓரிடத்தில் நின்று, கல் கட்டிய கயிற்றை நீரில் இறக்கினார். முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவர் விரல்களுக்கிடையே நழுவின. கல் அடி தொட்டதும் கயிற்றைப் பிடித்தபடி நெடுநேரம் அசையாமல் இருந்தார். எங்கள் படகோட்டியும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

கரைக்குத் திரும்பியபின் எங்களில் ஒருவர், “எவ்வளவு ஆழம் ஐயா?” என்று கேட்டார்.

“இருபத்திரண்டு அடி” என்றார். “ஒன்பதாயிரம் அடி போய் வந்திருக்கிறேன் தம்பி. இது இருபத்திரண்டே அடி.”

புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம். அந்த மீனவ இளைஞர் பரிசலைப் புரட்டிப் பார்த்து, அடிப்பகுதியில் தார் மெலிந்திருந்த ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, ஊருக்குப் போனதும் இன்னொரு பூச்சு கொடுக்கவேண்டும் என்றார். வேனில் ஏற்றும்போது, கூரையில் கட்டுவதற்கு அந்த முடிச்சுக் கயிற்றை நாங்கள் எடுத்தோம். அதைத் தம் பையில் வைத்துக்கொண்டு வேறு கயிறு கொடுத்தார்.