மாநகராட்சிக்குக் கடன் கொடுத்த மக்கள்!

வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போகும் குடும்பம் இரண்டு கணக்கு போடும். கடையில் கொடுக்கும் விலை ஒன்று. மாதாமாதம் வரப்போகும் கரன்ட் பில் இன்னொன்று. ஸ்டார் குறைவான ஃபிரிட்ஜ் மலிவாகக் கிடைத்தாலும், "பத்து வருஷத்துக்கு பில் யார் கட்டுறது?" என்று வீட்டில் ஒருவராவது கேட்டுவிடுவார்.

ஒரு மாநகராட்சி பம்ப்செட்டோ தெருவிளக்கோ வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும். தகுதியான டெண்டர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்பதுதான் அரசு கொள்முதலில் பொதுவான வழக்கம். வேண்டியவருக்குக் கொடுப்பதைத் தடுக்க அது நல்ல வேலி. ஆனால், மின்செலவு, பராமரிப்பு, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையெல்லாம் டெண்டர் விதியில் சேர்க்காவிட்டால், இன்று மலிவாக வந்த பம்ப் ஆண்டுக்கணக்கில் வரிப்பணத்தைக் குடிக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூருக்கு இந்தச் செலவு நன்றாகவே தெரியும். ஊர் இருப்பது மால்வா பீடபூமியின் மேல். குடிநீர் வருவதோ சுமார் 70 கி.மீ. தள்ளி, கீழே ஓடும் நர்மதையிலிருந்து. ஜலூத் என்ற கிராமத்தில் எடுக்கும் தண்ணீரை பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு கரன்ட் செலவும் சேர்ந்தே கொட்டுகிறது.

இந்தச் செலவைக் குறைக்க, ஜலூத்திலேயே 60 மெகாவாட் சோலார் நிலையம் அமைக்க மாநகராட்சி முடிவெடுத்தது. பணத்துக்காக 2023 பிப்ரவரியில் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் 10,000 ரூபாயிலிருந்து முதலீடு செய்ய முடிந்தது. ஆண்டு வட்டி 8.25 சதவிகிதம். போட்ட அசல் நான்கு சம பங்காக 3, 5, 7, 9 ஆண்டுகளில் திரும்பும். மாநகராட்சி திரட்டியது 244 கோடி ரூபாய். வந்து குவிந்த விண்ணப்பங்களோ 720 கோடியைத் தாண்டின!

மொட்டைமாடி இல்லாதவர், வாடகை வீட்டில் இருப்பவர்கூட ஒரு சோலார் திட்டத்துக்குப் பணம் போட முடிந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2013-ல் வந்த சட்டப்படி, பொதுவான சோலார் தோட்டத்தில் ஒருவர் பங்கு எடுத்தால், அந்தப் பங்கு தரும் மின்சாரத்துக்கான தொகை அவர் வீட்டு கரன்ட் பில்லில் கழியும். இந்தூரில் கிடைப்பது வட்டி மட்டுமே, பில் குறையாது. இது வங்கி டெபாசிட்டும் அல்ல, அதற்குரிய காப்பீடு இதற்குக் கிடையாது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பங்குச்சந்தையில் அன்றைய விலைக்குத்தான் விற்க வேண்டும்.

மாநகராட்சிக்கும் இது இலவசப் பணம் இல்லை. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் வட்டி கட்டியாக வேண்டும். அதனால்தான் கொள்முதல் விதியும் சோலார் முதலீடும் ஒன்றாகப் பேசப்பட வேண்டியவை. கரன்ட்டை விழுங்கும் பழைய பம்பை வைத்துக்கொண்டு சோலார் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

இந்தூர் பத்திரத்தின் கடைசித் தவணை 2032-ல் வருகிறது. அதுவரை, மின்செலவு எவ்வளவு குறைந்தது என்று கேட்க, வரி கட்டுகிறவர் என்ற உரிமையோடு கடன் கொடுத்தவர் என்ற உரிமையும் அந்த மக்களுக்கு இருக்கிறது.