சூட்சுமம் கட்டையில் இருக்கிறது

'த்ரீ நாட் த்ரீ' என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஓட்டுப்பெட்டிக்குக் காவலாக, ஸ்டேஷன் வாசலில் பாராவாக, பழைய சினிமாவில் எல்லாம் முடிந்தபின் வந்து இறங்கும் போலீஸ்காரர் தோளில் என்று நிறையப் பார்த்திருக்கிறோம். முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட் அமைப்பும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் பேரலும் சேர்ந்து 1895-ல் உருவானது. .303 என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்குப் பிரியாவிடை கொடுத்தது.

இந்தியாவில் தனியார் யாரும் .303 வாங்க முடியாது. தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நம் அரசுத் தொழிற்சாலை அதே அமைப்பில், .315 என்று அளவை மாற்றி ஒரு துப்பாக்கி செய்து விற்றது. மேல்நாட்டில் கதை வேறு. 1957-ல் பிரிட்டிஷ் ராணுவம் புது ரைஃபிளுக்கு மாறியதும் பழையவை லட்சக்கணக்கில் உபரியாகி, கடைக்கு வந்தன. அமெரிக்காவில் 1968-ல் சட்டம் மாறும்வரை தபாலிலேயே வரவழைக்கலாம். மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, கனம் குறையட்டும் என்று முன்பக்கக் கட்டையை ரம்பத்தால் அறுத்துப் போட்டார்கள். அப்படி அறுபட்டவை எத்தனை என்று கணக்கே கிடையாது.

டொரன்டோ பக்கம் மிசிசாகாவில் இருக்கும் என் நண்பன் அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். பாதுகாப்புப் பயிற்சி முடித்து, லைசென்ஸ் எடுத்து, முறைப்படிதான். 1943-ல் செய்த 'நம்பர் 4'. நான் போயிருந்தபோது ஆள் சோகமாக இருந்தான்.

"நூறு கஜத்துல சுட்டா குண்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு சிதறுதுடா. எண்பது வருஷத்துப் பேரல், தேஞ்சுபோச்சு. மாத்திட வேண்டியதுதான்."

அவன் கிளப்பில் ஒரு பெரியவர். ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரலை அப்புறம் திட்டிக்கொள்ளலாம், முதலில் துப்பாக்கியைப் படிக்கலாம் என்றார். என்னையும் கூட உட்காரவைத்துக்கொண்டார். ஜோசியர் ஜாதகம் பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லீ-என்ஃபீல்டு முழுக்க எழுத்து. உலோக உடலின் இடதுபக்கம் ரகம், தொழிற்சாலை, வருஷம். இவன் துப்பாக்கியில் 'லாங் பிராஞ்ச் 1943'. சீரியல் எண்ணின் நடுவில் 'எல்' இருந்தால் லாங் பிராஞ்ச். 'சி' இருந்தால் அமெரிக்காவில் சிக்கோப்பி ஃபால்ஸில் சாவேஜ் கம்பெனி செய்தது. நம் இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கியில் சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் கிரீடம், பின்னால் அசோகரின் சிங்கம். 'எஃப்.டி.ஆர்.' என்றிருந்தால் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் முழுசாகப் பழுது பார்க்கப்பட்டது. 'டி.பி.' என்றிருந்தால் டிரில் செய்ய மட்டும். அதில் குண்டு போடவே கூடாது.

லாங் பிராஞ்ச் வேறெங்கும் இல்லை, மிசிசாகா எல்லையில் ஏரிக்கரைச் சாலையில்தான் இருந்தது. போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். துப்பாக்கிகளைச் சோதித்த கட்டடம் மட்டும் மிச்சமிருக்கிறது. இப்போது அதில் ஓவியக் கண்காட்சி, கச்சேரி எல்லாம் நடக்கிறது.

அடுத்து எண் பொருத்தம். உடலில் உள்ள எண்ணே போல்ட்டின் கைப்பிடியிலும் இருக்க வேண்டும். இருந்தது. முன்கட்டையைக் கழற்றினார். அதன் அடியில் வேறு எண். யாரோ அசல் கட்டையை வேட்டைக்காக அறுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ வேறொரு துப்பாக்கியின் கட்டையை மாட்டி, பழைய தோற்றத்தில் விற்றிருக்கிறார்கள். பெரியவர் சிரித்தார். பாதி விடை கிடைத்துவிட்டது என்றார். ஆனால் அவசரப்படவில்லை.

முதலில் உயிர்ச் சமாச்சாரம். போல்ட் மூடியிருக்கும்போது, தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி .064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, .074-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பலாம். இந்த 'நம்பர் 4'-ல் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். 0, 1, 2, 3 என்று எண் போட்டு, ஒன்றைவிட ஒன்று மயிரிழை நீளமாக நான்கு அளவு செய்தார்கள். தேய்ந்தால் அடுத்த எண்ணை மாட்டவேண்டியதுதான். சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டைச் செருகிச் சுடுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. இவன் துப்பாக்கி அளவுக்குள் இருந்தது.

அப்புறம்தான் பேரல். அந்தக் காலச் சிப்பாய், கயிற்றில் துணியைக் கட்டி குழல் வழியாக இழுத்துத் துடைப்பார். கயிறும் எண்ணெய்ப் புட்டியும் பின்கட்டைக்குள்ளேயே ஒரு பொந்தில் இருக்கும். தினமும் கோணலாக இழுத்தால் குழல்வாய் ஒருபக்கமாகத் தேயும், கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கயிறு விழுந்த தடம் மாதிரி. அந்தப் பக்கம்தான் குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம். பழைய தோட்டாக்களின் பிரைமர் உப்பும் ஒரு எமன். ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவாதவன் பேரல் ஒரே மழைக்காலத்தில் பாழ்.

பெரியவர் குழல்வாயில் ஒரு குண்டை, தோட்டா இல்லாமல் வெறும் குண்டை மட்டும், வைத்துப் பார்த்தார். பாதியிலேயே நின்றது; வாய் தேயவில்லை. மெத்தென்ற ஈய உருண்டையைக் குழல் முழுக்கத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தார். வரிப்பள்ளத்துக்குப் பள்ளம் .314. இது முக்கியம். பெயர் .303 என்றாலும் பள்ளத்தின் கணக்கு சுமார் .313. போர் அவசரத்தில் ஒவ்வொரு பேரலும் ஒவ்வொரு அளவு. கடையில் கிடைக்கும் .311 குண்டு அகலமான குழலில் தொளதொள சட்டை மாதிரி. .312 போடு என்றார். பேரல் நல்ல பேரல். கழற்றிப் போடவிருந்தது அதைத்தான்.

குற்றவாளி மரம். சுடும்போது இரும்பு பின்னால் பாய்கிறது. முன்கட்டையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த இழுப்பைத் தாங்குவது கட்டையின் பின்கோடியில் இருக்கும் இரண்டு சின்னச் சாய்வு முகங்கள். பல வருஷம் எண்ணெய் ஊறி அவை நசுங்கியிருந்தன. ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை நகர்ந்து, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. முன்கோடியிலும் கோளாறு. இந்த மெல்லிய பேரலை, கட்டையின் நுனி கீழிருந்து இரண்டு முதல் ஏழு பவுண்டு விசையில் ஏந்திப் பிடிக்க வேண்டும் என்பது ராணுவக் கணக்கு. இங்கே ஒரு காகிதத் துண்டு இடையில் தாராளமாகப் போய்வந்தது.

"பேரல் எதையும் தொடக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்று என்னிடம் முணுமுணுத்தான் நண்பன். அது இந்தக் கால கனத்த பேரலுக்கு. இந்த ஒல்லிப் பேரல் தாங்கலோடு வாழப் பிறந்தது.

டிரிகரிலும் மரம் புகுந்து விளையாடும். மார்க் 1-ல் டிரிகர் தொங்குவது அடியில் இருக்கும் காப்பு வளையத்தில். கட்டை சுருங்கினால் வளையம் நகரும், டிரிகர் இழுப்பு மாறிவிடும். மழைக்காலத்தில் கதவு சாத்த முடியாமல் போகிறதே, அதே கதைதான். போருக்குப் பிறகு வந்த மார்க் 2-ல் டிரிகரை இரும்பு உடலிலேயே தொங்கவிட்டார்கள்.

வைத்தியம் தச்சு வேலை. நசுங்கிய இடங்களை வெட்டி எடுத்து, கெட்டி மரத்துண்டு வைத்து எபாக்ஸியில் ஒட்டினார். இரும்பில் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் உட்காரவைத்து எடுத்தால் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி சீவல். நுனியில் ஒரு மெல்லிய மரத் தாங்கல். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். இரண்டு வார இறுதிகள் போயின. அதற்கடுத்த ஞாயிறு நூறு கஜத்தில் ஐந்து குண்டு: மூன்று அங்குலத்துக்குள் அடங்கின.

"இனிமே தப்பினா என் கைதாண்டா காரணம்" என்றான். அவன் குரலில் கொஞ்சம் பயமும் இருந்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்னைப்பர்களுக்கு என்று தனியாக ஒரு துப்பாக்கியை பிரிட்டன் வடிவமைக்கவில்லை. தொழிற்சாலையில் நன்றாகச் சுட்ட சாதாரண 'நம்பர் 4'-களைப் பொறுக்கி லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அவர்கள் கட்டையைச் சரிசெய்து தொலைநோக்கி பொருத்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேல். பொறுக்கியதற்கு அடையாளம் 'டி.ஆர்.' முத்திரை, கம்பெனிக்கு 'எஸ் 51'. இன்று அந்த எழுத்துக்களுக்காகவே விலை பல மடங்கு. அதனால் போலி முத்திரையும் தாராளம்.

பெரியவர் ஒன்றை மட்டும் செய்ய மறுத்துவிட்டார். பின்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கலாமா என்று கேட்டான் இவன். கூடாது என்றார். தேய்த்தால் அதிலுள்ள சின்னச் சின்ன முத்திரைகள் போய்விடும், திரும்ப வராது.

விலை குறையும் என்பதற்காக அவர் சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு ஒரு காரணம் தோன்றியது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் டையரின் ஐம்பது சிப்பாய்கள் 1,650 முறை சுட்டது இந்த .303-களால்தான். அரசுக் கணக்கில் செத்தவர்கள் 379. காங்கிரஸ் விசாரணை சொன்ன எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். அடைபட்ட தோட்டத்தில் கூட்டத்தின்மேல் சுட கட்டை சரியாக இருக்கத் தேவையில்லை, குழல்வாய் தேய்ந்திருந்தாலும் போதும். அந்த ஐம்பதும் பிறகு எங்கே போயின? சில உருக்கப்பட்டிருக்கும். சில கைமாறி, கட்டை மாறி, எங்கோ ஒரு பனிக்காட்டில் மான் சுட்டிருக்கும். உடலில் எண்ணும் வருஷமும் அழியாமல் இருந்தால், ஏட்டில் தேடி 'நீ அன்றைக்கு எங்கே இருந்தாய்' என்று என்றாவது யாராவது கேட்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சியும் ஊமை.