விறகு தெரிந்தவர்கள்

பொருளாதாரம் படுத்துவிட்டால், வசதியாக வாழ்ந்து பழகிய ஒரு சமூகம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? இந்தக் கேள்வியைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், கட்டுரைகளில் படித்திருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் வசதியாக வாழ்ந்து பழகியவர்கள்தான். எங்கள் சனத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் இது வந்ததில்லை. அரிசி என்ன விலை என்பார்கள், கூலி எப்ப ஏறும் என்பார்கள். நாகரிகம் நிலைக்குமா என்று கவலைப்பட்டு யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

பதில் தேடி 1929ஆம் வருசத்து அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கடல் தாண்டிக் கூப்பிடு தூரத்தில், இலங்கையில், 2022ல் அது நடந்தது. அது ஏழை நாடு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி இல்லை. 2019 ஜூலையில் உலக வங்கி அதை மேல் நடுத்தர வருமான நாடு என்று வகைப்படுத்தியது. இலவசப் பள்ளிக்கூடம், இலவச ஆஸ்பத்திரி, கொழும்பில் வானத்தைத் தொடும் அடுக்குமாடிகள், ஆளுக்கொரு வண்டி. மூன்றே வருசம். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாய் இருந்த டாலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பேப்பர் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் 90க்கும் மேல்.

காரணங்களைப் பொருளாதாரம் படித்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 2019 கடைசியில் வரியைக் குறைத்தது, ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலாவைக் கொன்றது, டாலர் இல்லாத நேரத்தில் பழைய கடனை விடாமல் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது.

நான் சிலோன்காரன். நீலகிரியில் எங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1964ல் பிறந்தேன். அதே வருசம்தான் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று எங்களைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. பெரியம்மா குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. பெரியம்மா மகள், என் அக்கா, கொழுந்து பறித்தே கிழவியாகி இன்னும் அதே லயத்தில் இருக்கிறாள். 2022 முழுக்க வாரத்துக்கு இரண்டு தரம் அவளோடு போனில் பேசினேன்.

2021 மார்ச்சில் தோட்டக் கூலியை ஒரு நாளைக்கு 1,000 ரூபாயாக அரசாங்கம் நிர்ணயித்தது. வருசக்கணக்கான போராட்டம் அது. கம்பெனிகள் என்ன செய்தன? பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர் என்றார்கள். குறைந்தால் அரைப்பேர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: செக்ரோலில் ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. எடை குறைந்தால் உங்கள் பேரில் பாதி போய்விடும். அதே வருசம் ஏப்ரல் கடைசியில் ரசாயன உரத்தை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஜனாதிபதி முடிவெடுத்தார். ஒரே இரவில் நாடு இயற்கை விவசாயத்துக்கு மாறுமாம். உரம் இல்லாத தேயிலைச் செடி துளிர்க்குமா? கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்ததால் எடை குறைந்தது, எடை குறைந்ததால் அரைப்பேர். நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கொழும்பில் நெருக்கடி என்ற சொல்லை 2022 மார்ச்சில்தான் கேட்டார்கள். அக்கா மகனும் மருமகளும் 2021லேயே அரைப்பேரில் இருந்தார்கள்.

லயத்துச் சாப்பாடு ரொட்டி. கோதுமை மா கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைத்தது, 2022 ஆகஸ்டு வாக்கில் முந்நூறு நானூறு என்று போனது. அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87லிருந்து 340. நாலு மடங்கு, ஒரே நாளில். மலையில் வாழ்கிறவனுக்கும் கடலில் போகிறவனுக்கும் உள்ள எண்ணெய் அது. அதற்கு முந்தின மாதம் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்ததை உலகமே டிவியில் பார்த்தது. மண்ணெண்ணெய் ஏறியதை யார் பார்த்தது?

அக்கா பயப்படவில்லை. 'எழுபத்து நாலு மாதிரி இல்ல தம்பி' என்றாள்.

1974. எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தின வருசக் கடைசியில் கூப்பன் அரிசியை வெட்டினார்கள், மாவை வெட்டினார்கள். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. கிராமத்துச் சிங்களவனுக்கு வீட்டுக்குப் பின்னால் பலா நின்றது, மரவள்ளி இருந்தது. எங்களுக்கு எட்டுக்குப் பத்து அறையும் முன்னால் ஓடுகிற சாக்கடையும். தோட்டத்தில் சனம் செத்தது. காய்ச்சலில் செத்ததாக எழுதினார்கள். அம்மா இருட்டோடு காட்டுக்குப் போய் வள்ளிக்கிழங்கு தோண்டி வருவாள். எங்கே இருக்கும், எது கசக்கும், எதை எத்தனை தண்ணீர் மாற்றி அவிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மேல் லயத்தில் கங்காணி சொந்தக்காரர்கள், பெரிய சாதி. அவர்கள் வீட்டு அம்மாவும் வந்து நிற்கும். கிழங்கைப் பச்சையாக வாங்கிக்கொள்ளும். அவித்தது வாங்காது. அவித்தால் தீட்டு. ஒரு நாள் அதன் சின்னப் பிள்ளை எங்கள் அடுப்படியில் அவித்த கிழங்கைத் தின்றுவிட்டது. அந்த அம்மா அதை இழுத்துப்போய் வாய் கொப்பளிக்க வைத்ததை நான் பார்த்தேன். விழுங்கிய கிழங்கு உள்ளேயே இருந்தது.

கஷ்டம் வந்தால் சாதி கரைந்துபோகும் என்று நம்ம தோழர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். பசிக்கு அந்தச் சக்தி இருந்தால் எங்கள் சேரிகளில் சாதி எப்போதோ செத்திருக்க வேண்டும்.

1975ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கூடலூர்ப் பக்கம், டான்டீ தோட்டம். அந்தக் கதை தனியாக எழுத வேண்டிய கதை. 2022 மார்ச் 22 அன்று இலங்கையிலிருந்து 16 பேர் படகில் தனுஷ்கோடி வந்து, அதே மண்டபத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது, அந்த ஓட்டுக் கொட்டகையின் வாசனை எனக்கு மூக்கில் வந்தது.

இனி கொழும்பு. அக்கா மகள், எனக்கு மருமகள் முறை, பதினேழு வயதிலிருந்து வீட்டு வேலை. 2022ல் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழ் வீட்டில் இருந்தாள். அடுக்குமாடியில் ஏழாவது மாடி. பெரிய படிப்புப் படித்த குடும்பம். பெருக்குவது, துடைப்பது, துணி, பாத்திரம், காய் வெட்டுவது எல்லாம் அவள். சோறு மட்டும் அவள் வடிக்கக்கூடாது. அந்த அன்ரியே வடிக்கும். 'என்னா சாதின்னு ஒரு நாளும் கேக்கல மாமா. தோட்டத்துப் புள்ளன்னா போதும், அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.' அவளுடைய தட்டும் கோப்பையும் சிங்குக்குக் கீழே தனியாக இருக்கும்.

கேஸ் நின்றது. சிலிண்டர் ஒன்று ஐயாயிரத்தை நெருங்கியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கரண்ட் அடுப்பு வாங்கினார்கள், கரண்ட் இல்லை. லிப்ட் இல்லை. அந்த வீட்டு ஐயா சிலிண்டர் வரிசையில் இரண்டு நாள் நின்றுவிட்டு வெறும் சிலிண்டரோடு திரும்பி, ஏழு மாடி ஏறி வந்து அழுததாம். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவது என்னவென்று தெரியாமல் அறுபது வயது வரை ஒருத்தர் வாழ முடிந்திருக்கிறது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் கீழே இறங்கினாள். வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் மூன்று சிமெண்டுக் கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். கட்டிட வேலை நடக்கிற இடத்துப் பலகைத் துண்டு, தென்னை மட்டை, ஈர விறகானால் எந்தப் பக்கம் காற்று விட வேண்டும் என்கிற கணக்கு. இரண்டே நாளில் அந்தக் கட்டிடத்து ஒன்பது வீட்டுப் பானை அங்கே வரிசை கட்டிவிட்டது. அன்ரிக்குப் புகை ஆகாது, கண் எரிகிறது. ஆகவே சோறு வடிக்கவும் இவளுக்கே உத்தரவு வந்தது. நாலு மாதம் அந்தக் கட்டிடம் முழுக்க எங்கள் பிள்ளை கையால் வெந்த சோற்றைத் தின்றது. 'நீ கெட்டிக்காரி' என்று சொன்னார்களாம். 'எங்கட சனத்துக்கு இது தெரியாமல் போச்சே' என்று ஒரு டாக்டரம்மா ஆச்சரியப்பட்டதாம்.

வசதியான சமூகம் தாக்குப்பிடித்தது இப்படித்தான். நல்ல மனசும் இருந்தது, ஒற்றுமையும் வந்தது. பக்கத்து வீட்டோடு பத்து வருசம் பேசாதவர்கள் அடுப்பைச் சுற்றி நின்று பேசினார்கள், சீனி மாற்றிக்கொண்டார்கள், சைக்கிள் வாங்கினார்கள். இதையெல்லாம் எழுதிப் பெருமைப்பட்ட கட்டுரைகளும் உண்டு. அடுப்பு ஊதியது யார் என்று அவற்றில் தேடிப் பாருங்கள்.

ஜூலை கடைசியில் கேஸ் வந்தது. அன்ரி மறுபடி சோறு வடிக்க ஆரம்பித்தது. கோப்பை சிங்குக்குக் கீழேதான் இருந்தது, அது எங்கேயும் போயிருக்கவில்லை.

அவளுக்குச் சம்பளம் 25,000. சாமான் எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆன வருசத்திலும் அதே 25,000. ஆகஸ்டில் கரண்டுக் கட்டணம் 75 சதவீதம் ஏறியது. 2023 ஜனவரியில் நல்ல சம்பளக்காரர்கள் மேல் வருமான வரியை ஏற்றினார்கள். டாக்டர், எஞ்சினியர், வாத்தியார் எல்லோரும் கறுப்புத் துணி கட்டித் தெருவில் நின்றார்கள். அந்த வீட்டில் செலவைக் குறைக்க வேண்டி வந்தது. முதலில் எதைக் குறைப்பார்கள்? அரை மாதச் சம்பளத்தோடு இவளை ஹட்டன் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. 2022ல் மட்டும் மூன்று லட்சம் பேருக்கு மேல் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய நாடு அது. படித்தவனுக்கு விசா, மருமகளுக்கு லயம்.

இன்னொன்று. 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள், வீட்டுத் தோட்டம் போட்டுச் சாப்பாட்டுப் பஞ்சத்தைச் சமாளிக்கச் சொல்லி. நல்ல யோசனை, நிலம் இருந்தால். இருநூறு வருசமாகத் தோட்டத்திலேயே கிடக்கிற எங்கள் சனத்துக்குத்தான் ஒரு தோட்டம் போட இடம் இல்லை. அக்கா மகன் தேயிலைக்கு ஓரமாகச் சும்மா கிடந்த துண்டில் மரவள்ளி ஊன்றினான். ஒரு மாதத்தில் தோட்டத்து ஆட்கள் வந்து பிடுங்கிப் போட்டார்கள். கம்பெனி நிலமாம். நாடு முழுக்கப் பயிர் செய் என்று ரேடியோ கத்திக்கொண்டிருந்த நேரம் அது.

தமிழ்நாட்டு அரசு அந்த வருசம் 40,000 டன் அரிசி அனுப்ப முடிவெடுத்தது, பால்மாவும் மருந்தும் சேர்த்து. மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. அக்காவுக்குப் பத்துக் கிலோ கிடைத்தது. 'நம்ம ஊரு அரிசி தம்பி, கஞ்சி நல்லா வருது' என்றாள். அவள் ஒரு நாளும் பார்த்திராத ஊர்.

உலக வங்கிக் கணக்குப்படி 2021ல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022ல் 25 ஆனது. தோட்டங்களில் பாதிப்பேருக்கு மேல். 2023 மார்ச்சில் ஐ.எம்.எப். கிட்டத்தட்ட 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. வரிசைகள் போய்விட்டன, கொழும்பு மீண்டுவிட்டது என்று எழுதினார்கள். அந்த மீட்சிக்கு யார் கட்டினார்கள் என்பது ஜூலையில் தெரிந்தது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்றார்கள். வங்கிகளை விட்டுவிட்டார்கள், தொட்டால் கவிழ்ந்துவிடுமாம். தொழிலாளர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். அது வாங்கி வைத்திருந்த அரசுப் பத்திரங்களுக்குப் பதிலாக நீண்ட காலப் பத்திரம்: 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. ஒத்துக்கொள்ளாவிட்டால் வரி 14லிருந்து 30 சதவீதம். சேமிப்பில் 9 சதவீதத்துக்குக் குறையாமல் கிடைக்கும் என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள். முந்தின வருசம் பணத்தின் மதிப்பு எவ்வளவு கரைந்தது என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கொழுந்து பறிக்கிறவள் கூலியில் மாதாமாதம் பிடித்த பணம் அதில் இருக்கிறது.

அக்கா மகனுக்கு வயது நாற்பத்து மூன்று. இன்னும் பன்னிரண்டு வருசம் கழித்து அவனுக்கு அந்தப் பணம் வர வேண்டும். இதைப் போனில் அக்காவுக்கு விளக்கினேன். பத்திரம், வட்டி, சீரமைப்பு என்று எனக்கே தெரியாத தமிழில் பத்து நிமிசம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நாங்க எப்ப தம்பி அந்தக் கடன வாங்குனோம்?' என்றாள். ஹம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தல விமான நிலையம் என்று ஆரம்பித்தேன். அவள் அதையெல்லாம் பார்த்ததில்லை. லைன் கட்டானது. மறு வாரம் பேசியபோது கொழுந்து எடை திரும்பவும் இருபதில் நிற்கிறது என்றாள், மருமகளுக்கு மூன்று நாள் அரைப்பேர் என்றாள். 2024 செப்டம்பரில் கூலி 1,350 ஆனது. எடையைக் கேட்டேன். அது குறையவில்லை.