இருபத்து நாலு சன்னல்கள்

காலண்டர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவு வருவது சுவரில் ஆணியடித்து மாட்டிய தினசரி காலண்டர்தான். ராகுகாலம், எமகண்டம், சூலம், அடியில் ஒரு துணிக்கடை விளம்பரம். காலையில் எழுந்து நேற்றைய தாளை டர்ரென்று கிழித்தால் ஒரு நாள் போச்சு! பரீட்சை நெருங்க நெருங்க அது இளைத்துக்கொண்டே வருவதைப் பார்த்து வயிறு கலங்காத மாணவன் உண்டா?

இதற்கு நேர்மாறான காலண்டர் ஒன்று இருக்கிறது நண்பர்களே. அதில் எதையும் கிழிக்க வேண்டாம், திறக்க வேண்டும். ஒரு கனத்த அட்டை. அதில் பனி மூடிய ஊர் ஒன்றின் படம். படம் முழுக்க 1 முதல் 24 வரை எண் போட்ட குட்டிக் குட்டிச் சன்னல்கள், அதுவும் வரிசையாக இல்லாமல் கலைந்து கிடக்கும். டிசம்பர் 1 அன்று ஒன்றாம் எண்ணைத் தேடிப் பிடித்துத் திறக்கலாம். உள்ளே ஒரு படமோ, கட்டைவிரல் அகலத்தில் ஒரு சாக்லேட்டோ இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். 24-ஐத் திறந்தால் மறுநாள் கிறிஸ்துமஸ். பிரெஞ்சில் இதன் பெயர் 'கலாந்த்ரியே தெ லவான்'. 'அவான்' என்பது நம் ஊர்க் கோவில்களில் திருவருகைக் காலம் என்கிறார்களே, அதுதான். கோவில் கணக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலாவது ஞாயிறிலிருந்து ஆரம்பிப்பதால் வருஷா வருஷம் தேதி மாறும். அட்டைக் கணக்கு மட்டும் எப்போதும் டிசம்பர் 1. விற்காத சரக்கை அடுத்த வருஷமும் விற்கலாம் என்ற வியாபார மூளையாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இதெல்லாம் ஜெர்மனியில் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சில வீடுகளில் கதவில் 24 சுண்ணாம்புக் கோடு போட்டு, தினம் ஒன்றைப் பிள்ளைகளை அழிக்கச் சொல்வார்களாம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரத்து கெர்ஹார்ட் லாங் என்பவர் இதை அச்சுக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் அவருடைய அம்மா அட்டையில் 24 தின்பண்டம் வைத்துக் கொடுத்த நினைவில் செய்தாராம். திறக்கும் சன்னல் 1920 வாக்கில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு, காலண்டர் நின்றுபோனது. போர் முடிந்து, நாடே இடிந்து கிடந்த 1946-இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் மறுபடி அச்சடித்தார். இடிபாட்டுக்கு நடுவில் மக்கள் இதையா கேட்டார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

இன்று ஐரோப்பாவில் பெரியவர்களுக்கென்றே வாசனைத் திரவியம், தேயிலை எல்லாம் வைத்து விற்கிறார்கள். ஜெர்மனியில் கெங்கன்பாக் என்ற ஊரில் 1996 முதல் டவுன்ஹால் கட்டிடத்தின் 24 சன்னல்களையே காலண்டராக்கி, தினம் ஒன்றைத் திறக்கிறார்கள். நம்ம துய்மா வீதியில் இல்லாத மரச் சன்னலா? யாராவது யோசிக்கலாம்!

நமக்கு இது புதுசும் இல்லை. மார்கழி பிறந்தால் வரதராசப் பெருமாள் கோவிலில் ஒரு நாளைக்கு ஒரு திருப்பாவைப் பாட்டு. முப்பது நாள், முப்பது பாட்டு. 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசில். முதல் நாளே முப்பதையும் பாடி முடித்துவிட்டு அக்காரவடிசில் கேட்டால் யார் தருவார்?

எனக்கு இந்த அட்டையைக் காட்டியவர் எங்கள் கீழ்வீட்டு ஆயா. ரெயின்போ நகர்ப் பக்கம் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆயாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 'சொல்தா வீடு' என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மகன் குடும்பத்தோடு பாரீஸில். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அங்கிருந்து வருகிறவர்கள் கையில் ஒரு அட்டை வரும். ஆயா வீட்டில் அப்போது பிள்ளைகள் என்று இருந்தது நானும் என் தங்கையும்தான். "நாளைக்கு உள்ளத இன்னைக்கே தெறந்தா இன்னா ஆயா?" என்று தங்கை கேட்பாள். "அப்ப நாளைக்கு இன்னா பண்ணுவ?" என்பார் ஆயா. அதற்கு எங்களிடம் பதில் இருந்ததில்லை.

2024-இல் ஆயா தனக்கென்றே ஒன்று கேட்டு வாங்கினார். ஆறு வருஷமாக வராத மகன் டிசம்பர் 24 அன்று வருவதாகச் சொல்லியிருந்தார். "நீங்க இன்னா கொழந்தையா?" என்று அம்மா கிண்டல் செய்தபோது, "புள்ள வர்ற வரைக்கும் நாள் போவணுமேம்மா" என்றார். அட்டை நவம்பரிலேயே வந்துவிட்டது. மேசைமேல் சாய்த்து வைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். நம் ஊருக்குப் பக்கத்திலேயே கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகருக்கு ராணுவம் வந்து ஆட்களை மீட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் கரண்ட் போய், நடுராத்திரியில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அப்பாவும் நானும் ஆயாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினோம். பென்ஷன் பேப்பர் பை பத்திரமாக வந்தது. அட்டை வரவில்லை. விடிந்து இறங்கிப் பார்த்தால் மேசையோடு கவிழ்ந்து மிதந்தது. பசை விட்டு முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. சாக்லேட் எல்லாம் சேறு.

அன்று டிசம்பர் 1, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு வேறு. கோவிலுக்கும் போக முடியவில்லை. ஆயா வீட்டுச் சேதம் எதற்கும் அழவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதோ நாளே போச்சே" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் நானும் தங்கையும் தெருவில் இருந்த பெட்டிக்கடையில் இரண்டு கட்டு தீப்பெட்டி வாங்கி, குச்சிகளை டப்பாவில் கொட்டிவிட்டு, 24 பெட்டிகளை ஆறுக்கு நாலாக ஒட்டினோம். பெட்டி தள்ளித் திறப்பதற்கு இலகுவாக இருக்க ஓரத்தைச் சற்று உரசிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் படித்தது வீண்போகவில்லை. எண்ணுக்கு எங்கே போவது? அம்மா கிழித்த தினசரித் தாள்களைத் தூக்கிப் போடமாட்டார், கம்பியில் குத்தி வைத்திருப்பார். நவம்பர் 1 முதல் 24 வரை எடுத்துக் கத்தரித்து ஒட்டியாயிற்று. உள்ளே கமர்கட், தேன் மிட்டாய், சோழி, பழைய பிரெஞ்சு தபால்தலை. சம்பா கோவில் திருநாளான 8-க்கு ஒரு மாதா பதக்கம். 16-ஆம் தேதி மார்கழி பிறப்பு, அதற்குத் தங்கை ஒரு பூசணிப்பூவை மடித்துத் திணித்தாள்.

24-ஐ மட்டும் ஆயா எங்களிடமிருந்து வாங்கி, தானே எதையோ வைத்து, மெழுகு சொட்டி மூடினார். தினம் காலையில் ஒரு பெட்டி. மிட்டாய் வந்தால் தங்கைக்கு, சோழி வந்தால் ஆயாவுக்கு. கீழே சுவர் காய்வதற்கு முன் அட்டையில் பாதி திறந்தாகிவிட்டது.

சொன்னபடி 24 அன்று காலை மகன் வந்து இறங்கினார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. காபிகூடக் குடிக்கவிடாமல் ஆயா அவரை அட்டை முன் நிறுத்தினார். அவர் மெழுகை நகத்தால் பெயர்த்தார், பெட்டியைத் தள்ளிப் பார்த்தார், உடனே மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

உள்ளே என்ன இருந்தது என்று தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆயா சொல்வதாக இல்லை.