படிவத்தில் எழுதிய பொய்

ஸ்கூபா பயிற்சியில் சேருகிறவர்கள் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா என்றெல்லாம் கேட்டிருக்கும். ஆஸ்துமா உண்டு என்று எழுதினால், மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் இறக்குவார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. இல்லை என்று எழுதினேன். அப்போது என் பையில் இன்ஹேலர் இருந்தது.

மறதியில் எழுதியதல்ல. எனக்குத் தண்ணீர் என்றால் பயம்; அந்தப் பயம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பயம். நான் வளர்ந்தது அம்பத்தூரில். "ஏரிப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தாள். நாற்பதை நெருங்கும்போது கடலடியைப் பார்க்க ஆசை வந்தது. எப்படிக் கற்பது என்று தேடியபோது மூன்று வழிகள் இருந்தன. பயிற்சியாளர் கூடவே இருந்து, 12 மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஒரு தடவை காட்டிவிட்டுக் கொண்டுவருவது ஒன்று. முகப்பேர் பக்கம் ஒரு குளத்தில் முதலில் நீச்சல் பழகி, பிறகு குளத்திலேயே ஸ்கூபா பயின்று, மெதுவாகக் கடலுக்குப் போவது இன்னொன்று. அந்தமானுக்குப் பறந்து, சில நாட்களில் 18 மீட்டர் ஆழம் வரைக்குமான சான்றிதழோடு திரும்புவது மூன்றாவது.

எனக்குப் பொருந்தியது இரண்டாவது வழிதான். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள். அதனால் அந்தமானைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நீச்சல் சோதனையில் 200 மீட்டர் நீந்தலாம், அல்லது மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின் போட்டுக்கொண்டு 300 மீட்டர் போகலாம். ஃபின் இருந்தால் நீச்சல் சரியாக வராதது வெளியே தெரியாது என்று 300-ஐ எடுத்தேன்.

நடந்தது ஆறேழு மீட்டர் ஆழத்தில். மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தலையை லேசாக நிமிர்த்தி, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி. எனக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது, நெஞ்சு இறுகியது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தேன். பயிற்சியாளர் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தி, மூச்சை விடும்படி சைகை காட்டி, மெதுவாக மேலே கொண்டுவந்தார். என்னோடு இறங்கிய மற்றவர்களையும் அவர் மேலே அழைத்துவர வேண்டியதாயிற்று. மறுநாள் ஊர் திரும்ப இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அன்றைய டைவ் அதோடு போனது. விமானம் ஏறுவதற்குப் பல மணி நேரம் முன்பே டைவை நிறுத்திவிட வேண்டும் என்பதால் அவளுக்கு வேறு நேரமும் இல்லை. படகில் எல்லோரும் என்னைத்தான் அக்கறையாக விசாரித்தார்கள். "காது வலித்தது" என்றேன். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்த பிறகுதான் நெஞ்சக மருத்துவரிடம் போனேன். சிலிண்டர் காற்று ஈரமில்லாதது, வீசிங்கைக் கிளப்பிவிடக்கூடியது என்றார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அதனால்தான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்று முதல் பாடத்திலேயே சொல்கிறார்கள். மூச்சுக்குழாய் சுருங்கியவனுக்கு அடக்காமலேயே காற்று உள்ளே சிக்கும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். பயிற்சியாளருக்கு என் வீசிங் தெரிந்திருந்தால் என்னை இறக்கியே இருக்க மாட்டார். தெரியாமல், தன்னையும் ஆபத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்து நிறுத்தினார்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம், கடல் கலங்கியிருந்ததால் கோர்ஸ் முடியவில்லை என்று சொல்லி வைத்தேன். பட்டாபிராமிலிருந்து வரும் ஒரு தம்பி அதை நம்பி, "அண்ணா, எனக்கும் தண்ணின்னா பயம். எங்க சேரலாம்?" என்று கேட்டான். நீச்சல் எல்லாம் தேவையில்லை, நேரே அந்தமானுக்கே போ என்றேன். என்னிடம் பயத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்த பையனுக்கு, நான் கொடுத்த புத்தி அது. இதை நினைத்தால் படிவத்துப் பொய்யைவிட இதுதான் என்னைத் தின்கிறது.

போன வாரம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் அவனை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நீச்சல் பழகு, பயிற்சியாளரிடம் என்னிடம் சொன்ன மாதிரியே பயத்தைச் சொல், கேட்டுவிட்டு அவசரப்படுத்துகிறவராக இருந்தால் அவரிடம் சேராதே என்றேன். ரயில் வரும்வரை அவன் எதுவும் பேசவில்லை. அந்தமான் பயிற்சியாளரின் எண் என் போனில் இருக்கிறது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.