டோலி ஏறி வந்த ஊர்

12 செப்டம்பர் 2020, சனி

கொடைக்கானல் வெள்ளி அருவிச் சோதனைச் சாவடியில் கொரோனா கால இ-பாஸை வாங்கிப் பார்த்து, நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து, வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடித்து விட்டார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இந்த மாதம் முதல் பாஸ் தேவையில்லை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களுக்கு மட்டும் இன்னும் உண்டு. அது இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். மலைக்காரர்களுக்கு உடம்பு மோசமானால் தேனிக்கோ மதுரைக்கோதான் இறக்க வேண்டும். நம்மை அவர்கள் பயத்தோடு பார்ப்பதில் தப்பே இல்லை.

ஏரிக்கரையில் குதிரைக்காரர் ஒருவர் என் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். "பாப்பாவ ஒரு ரவுண்டு ஏத்தட்டுமாண்ணே? சேணமெல்லாம் தொடச்சு வச்சிருக்கேன்." ஆறு மாதமாகச் சவாரி இல்லை. "ஊரடங்குன்னா குதிரைக்குத் தெரியுமா? அதுக்குத் தெனமும் கொள்ளு வேணும்ல." 1863 இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது. இன்று அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான பேர் பிழைக்கிறார்கள். மகள் ஏறினாள்.

13 செப்டம்பர், ஞாயிறு

பிரையண்ட் பூங்கா. 1908 இல் வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்டு அமைத்த தோட்டம், இருபது ஏக்கருக்கு மேல். 1857 இல் நட்டதாகச் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரத்தடியில் வழக்கமாகப் படமெடுக்க இடம் கிடைக்காது. இன்று நாங்களும் இன்னொரு குடும்பமும்தான், நடுவில் நல்ல இடைவெளி விட்டு.

டேலியாப் பாத்தியில் ஒரு அம்மா வாடிய பூக்களைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. முகக்கவசத்தை மட்டும் மூக்குக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தார். மே மாத மலர்க் கண்காட்சி இந்த வருஷம் நடக்கவில்லையே என்றேன்.

"கண்காட்சிதான் இல்ல. பூ பூக்காம இருக்குமா? நட்டது பூராவும் பூத்துச்சு. நாங்கதான் பாத்தோம்" என்றார். வாடியதைக் கிள்ளாமல் விட்டால் செடி விதைக்குப் போய்விடும், அடுத்த மொட்டு வைக்காது என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தார். பார்க்க ஆளில்லாத அந்தக் கோடையிலும் இப்படித்தான் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தத் தோட்டம் நிற்பது இந்த விரல்களால்.

14 செப்டம்பர், திங்கள்

காலையில் மவுண்ட் நீபோ பக்கம். பழைய பங்களாக்களைச் சாலையில் நின்றபடியே பார்த்தோம். கருங்கல் சுவர், சிவப்புச் சாயம் பூசிய தகரக்கூரை, பாசி ஏறிய புகைபோக்கி. உள்ளே கேட்டுப் போக மனம் வரவில்லை. காவலுக்கு இருப்பவர்கள் வயசானவர்கள்.

இந்த ஊரே நோய்க்குப் பயந்து பிறந்ததுதான். 1834 இல் மதுரையில் மிஷனைத் தொடங்கிய அமெரிக்கப் பாதிரிமார் குடும்பங்களை முதல் பத்தாண்டுகளிலேயே காய்ச்சலும் காலராவும் சூறையாடின. முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. 1845 இல் இந்தச் சரிவில் சன்னிசைடு, ஷெல்ட்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற மலைவாசஸ்தலத்துக்கு அதுதான் கால்கோள். பின்னால் வந்த பள்ளி, கிளப், தேவாலயம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதாம்.

ஆனால் அவர்கள் எப்படி ஏறினார்கள்? வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் முழுமையானது. அதற்கு முன் பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் உட்காரவைத்து ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்கள். துரைசானி, குழந்தை, பெட்டி, பியானோ வரை தோளில்தான். வீடுகளின் பெயர் நமக்குத் தெரிகிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

அந்தப் பக்கத்துப் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்ற கிராமம் இருக்கிறது. இன்று வரை சாலை இல்லை. உடம்பு முடியாதவர்களையும் பிரசவ வலி கண்டவர்களையும் ஊர்க்காரர்கள் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படும் இந்த வருஷத்திலும் அப்படியே. உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர்களைத் தூக்கிவிட்ட மலையில், அங்கேயே பிறந்தவர்கள் உடம்புக்கு முடியாமல் தூக்கப்படுகிறார்கள். பங்களாக்களைப் பாரம்பரியம் என்று பாதுகாப்பது வேண்டியதுதான். பார்க்க எனக்கும் ஆசைதான். வெள்ளகவிக்குச் சாலை போடுவது அதைவிட முந்தி நடக்க வேண்டும்.

மத்தியானம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936 இல் லேடி ராமநாதன் கட்டியது. கோயில்கள் திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. தேங்காய், பூ உள்ளே வாங்குவதில்லை. வாசலில் பூக்கட்டும் பெண் சரத்தை என் மனைவியிடம் கொடுத்து, "தலைக்காவது வச்சுக்கங்கக்கா" என்றார். வாங்கிக்கொண்டோம்.